இன்றைய ரேட்

லெபு பசாரில் ஷட்டர் பாதி இறங்கும் நேரம்.
சிங்கப்பூரில் வெல்டிங் செய்யும் மகன்
ஆள்வழி கொடுத்துவிட்ட நோட்டுகளை
மாற்றப் போனவள்தான் நான்.
கைப்பையில் சபை தந்த இருபது துண்டுப்பிரதிகள்;
காலையிலிருந்து ஒன்று குறைந்திருந்தது.

கண்ணாடித் துவாரத்துக்குள் ஒன்றை நீட்டினேன்.
கதிர்வேந்தன், கைப்பழக்கம்,
விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.
"நீர்க்குறி இல்லையே, அக்கா."

பின்னால் ஒரு பையன்
ரூப்பியாக் கட்டுகளை எந்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தான்.
அந்தப் படபடப்பில்
வகுப்பில் மனனம் செய்த வாக்கியமெல்லாம் போய்
"இயேசு..." என்று மட்டும் வந்தது.

"உங்க ஆளு என்ன ரேட் தர்றாரு?"
"சும்மா தர்றாரு."
"சும்மா வர்றதெல்லாம் கள்ள நோட்டு.
பதினெட்டு வருசம் இந்த நாற்காலி. எனக்குத் தெரியாதா?"

கடை வாடகை, மகளின் பல் மருத்துவப் படிப்பு,
காப்பி ஆறும் முன்னே சரிந்துபோன கொரியப் பணம்,
சொல்லிக்கொண்டே ரிங்கிட்டை எண்ணித் தள்ளினார்.
வாங்கி எண்ணினேன்.
இன்னொரு முறை.
எச்சில் தொட்டு மூன்றாவது முறை எண்ணும்போதுதான்
அவர் சிரிப்பதைப் பார்த்தேன்.

தாளை விரலால் தட்டினார்:
"இதில 'விசுவாசி'ன்னு போட்டிருக்கே?"

முகம் சுட்டது. நானும் சிரித்துவிட்டேன்.
கார்க் கடனுக்கு ஜெபித்ததில் கால்வாசிகூட
உங்களுக்காக ஜெபித்ததில்லை என்று
சொல்லியும் விட்டேன், ஏனோ.
அவர் பையனிடம் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது.
அவர் இழுப்பறையைத் திறந்து,
நல்லதா கள்ளதா என்று இன்னும் தீராத நோட்டுகள் கிடக்கும்
ஓரத்து அறையில்
அதை வைத்தார்.