செயப்பாட்டு வினை

கேள்வி நான்கு: ஏன் ஆங்கில இலக்கியம்?
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

மிச்சிகனின் வடகோடியில் ஒரு சலவைக்கடை,
துணி மடிக்கும் மேசைமேல் என் மடிக்கணினி.
மூன்றாம் எண் உலர்த்தி
யாருடைய சாவியையோ வயிற்றில் உருட்டிக்கொண்டிருக்கிறது.
வெளியே ஏப்ரல். அதாவது, பனி.
நள்ளிரவோடு கெடு முடிகிறது.

பெயர்: ஐலா ரவுத்தியோ.
முதன்மைப் பாடம்: ஆங்கிலம்
(பட்டியலில் பொறியியல் மட்டும் பதினான்கு வகை;
ஆங்கிலம், ‘மற்றவை’க்கு ஒரு படி மேலே).
பெற்றோரின் ஆண்டு வருமானம்:
பூஜ்யம் போட்டேன்.
செல்லாத எண் என்றது கட்டம்.
ஒன்று போட்டேன், ஏற்றுக்கொண்டது.
ஆக, என் அப்பா
வருடத்துக்கு ஒரு டாலர் சம்பாதிக்கிறவர்.

பரிந்துரைக் கடிதத்தில் பேராசிரியர்
என்னை எய்லீன் என்று இரண்டு முறை புகழ்ந்திருந்தார்.
திருத்தச் சொல்லவில்லை.
எய்லீன் என்னைவிடக் கெட்டிக்காரி.

‘சிறுவயது முதலே புத்தகங்கள்மேல்’ என்று தொடங்கி
அழித்தேன்.
பொய்யில்லை. ஆனால் மற்ற எண்பது பேரும்
அந்த வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

அடுத்த வரைவில் அப்பாவின் வலது கையைக் கொண்டுவந்தேன்.
ரம்பத்தட்டு, மூன்று விரல்கள், மரத்தூளில் ரத்தம்.
படித்துப் பார்த்தால்
உதவித்தொகை ஆயிரத்து எண்ணூறு,
விரலுக்கு அறுநூறு என்று
விலை பேசுகிறவள் மாதிரி இருந்தது.
அதையும் அழித்தேன்.

பிறகு, அந்தக் கடிதம்.
எனக்குப் பதினொரு வயது.
அப்பாவுக்குப் படிக்கத் தெரியும்;
வேறொரு வாய் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.
“தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது.
போதிய முகாந்திரமின்மையால் நிராகரிக்கப்படுகிறது.”
“யார் நிராகரிச்சது?” என்றார்.
தேடினேன்.
முதல் பத்தி, இரண்டாம் பத்தி,
கிறுக்கிய கையெழுத்துக்கு மேலே, தாளின் மறுபக்கம்.
எழுவாய் இல்லை.
வினை மட்டும் தானே நடந்து வந்து
எங்கள் சமையலறையில் நின்றது,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

அதனால்தான் ஆங்கிலம், என்று எழுதினேன்.
வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆளைச்
சட்டையைப் பிடித்து வெளியே இழுக்க.

இதில் ஒரு சங்கடம்.
உதவித்தொகையின் பெயர்
ஹார்லன் பெக்வித் நினைவு நிதி.
மர ஆலையும் பெக்வித்.
நூலகம், ஐஸ் ஹாக்கி அரங்கம்,
நான் பிறந்த பிரசவ வார்டு, எல்லாம் பெக்வித்.
தேர்வுக்குழுவில் மூன்று பேர்,
ஒருவர் அந்தக் குடும்பம்.

“பேரை எடுத்துடு” என்றாள் டெல்ஃபீன்,
ஈர விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி.
“ஒரு ஆலைன்னு போடு போதும்.
எந்த ஆலைன்னு எவன் கேக்கப்போறான்?”

‘கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’
என்று தட்டிப் பார்த்தேன்.
எவ்வளவு சுலபம்!
இந்த இலக்கணத்துக்கு விரல்கள்
எப்போதோ பழகிப்போயிருக்கின்றன.
ஆயிரத்து எண்ணூறு என்பது
ஒரு பருவத்துப் பாடநூல்கள்,
காரின் பின்சக்கரங்கள் இரண்டு,
அப்பாவின் கடைவாய்ப் பல்.

பதினொன்று ஐம்பத்தொன்று.

பெக்வித் ஆலை
என் அப்பாவின் கோரிக்கையை
நிராகரித்தது.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள்.
மிச்சம் இரண்டு,
அவர் கையில் போலவே.
அதை அப்படியே விட்டேன்.

அனுப்பியதும் உலர்த்தி நின்றது.
தகரத்தில் சாவி விழுந்த சத்தம்.
திரையில் ஒரே வரி:
உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.

“யாரு?” என்றேன் திரையைப் பார்த்து.
தன்னைக் கேட்டதாக நினைத்த டெல்ஃபீன்
இன்னும் சூடாறாத சாவியைத்
தூக்கிக் காட்டினாள்.
“தெரியலையே. யாருதோ.”