மூன்றாவது தூண்

செவ்வாய், விடிய ஐந்தே கால்.
யன்னலுக்கு அப்பால் ஒரு மஞ்சள் முதுகு
பீப் பீப் என்று
தன்னைத்தானே எச்சரித்துக்கொண்டே
பின்வேலியின் மூன்றாவது தூணைச் சாய்த்து
என் றாஸ்பெரிப் பற்றைமேல் ஏறி நின்றது.

ஸ்காபரோவில் எங்கள் தெரு அப்படித்தான்,
வீடுகளும் பட்டறைகளும்
முதுகோடு முதுகு ஒட்டியவை.
வாங்கும்போதே தரகர் சொன்னவர்:
பின்னுக்குக் குப்பைத்தொட்டிக் கம்பனி,
ஞாயிறுகளில் சத்தம் இராது.

மனேஜர் பியெத்ரஸ் கைகுலுக்கினார்.
கோப்பி தந்தார், இரண்டு சீனியோடு.
"லொறியில் பெயர் எங்களுடையது.
சாரதி எங்களுடைய ஆளில்லை,
ஒப்பந்தக்காரர்.
அவரைக் கேளுங்கள்."
அந்தப் பெயர் லொறிக் கதவில்
என் உயரத்துக்கு நின்றது.

காப்புறுதிக்காரி தொலைபேசியில்
எழுத்தெழுத்தாய்க் கேட்டாள்.
தவமலர் என்றேன்.
கடிதம் வந்தது, தாவா மாலர் அவர்களுக்கு.
தாவா என்றால் வழக்கு என்று
அவளுக்கு ஆர் சொன்னது?

வேலிக்கு வயது பன்னிரண்டாம்,
பன்னிரண்டு வருடத் தேய்மானம் கழிப்பார்களாம்.
தூண் நின்றது ஆருடைய நிலம்,
அளவைப் படம் உண்டோ,
லொறியைக் கண்ணால் கண்டீர்களோ
அல்லது சத்தம் மட்டுமோ?

கரண்டியால் தூணைச் சுரண்டினேன்.
உதிர்ந்த மஞ்சள் பெயின்ரை
சாண்ட்விச் பையில் போட்டுத் திகதி எழுதினேன்.
மகன் சிரித்தான்.
பிறகு அவனே அளவுநாடா பிடித்தான்:
காயம், நிலத்திலிருந்து மூன்றடி இரண்டங்குலம்.

சனி இரவு கதவு தட்டுப்பட்டது.
யோனாஸ். எரித்திரியா.
தோளில் புதுத் தூண், கையில் சீமெந்துப் பை,
இமையில் பனி.
"நான் நட்டுத் தாறன்.
லொறித் தவணையையே சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள்,
இதையும் பிடித்தால் வாடகை இல்லை.
இதில் ஒரு கையெழுத்து மட்டும்."

வாசல் விளக்கில் இருமுறை வாசித்தேன்.
இனி ஆரிடமும் எதுவும் கோரமாட்டேன் என்று
நான் சொல்வதாய் இருந்தது.
தாளின் நெற்றியில்
கதவில் நின்ற அதே பெயர்.

உங்கள் ஆளில்லாதவரின் கையில்
உங்கள் கடிதத்தாள் ஏன், பியெத்ரஸ்?

அதை யோனாசிடம் கேட்கவில்லை.
நிலம் இரும்பாய்க் கிடந்தது.
ஏப்ரல் வரை அதில்
ஒரு தூணும் இறங்காது,
அது அவனுக்கும் தெரியும்,
அனுப்பியவருக்கும் தெரியும்.
"தாள் என்னோடு இருக்கட்டும்," என்றேன்.
தலையாட்டினான். ஆறுதலோ பயமோ தெரியவில்லை.
தூணைச் சுமந்துகொண்டே திரும்பிப் போனான்.

பெயின்ர்ப் பைக்குப் பக்கத்தில்
கையெழுத்தில்லாத அந்தத் தாள்.
திங்கள் காலை
சிறு உரிமைக்கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறேன்.
படிவத்தில் எதிராளி என்ற கட்டத்தில்
ஒரு பெயர்தான் எழுதுவேன்.

சீமெந்துப் பையை மறந்துவிட்டுப் போனான்.
படியில் இருக்கிறது.
ஈரம் இறங்கிக் கட்டிபட்டால்
அந்தக் காசு ஆருடைய தலையில் விழும்?

பொலித்தீன் எடுத்துப் போய்
நாலு பக்கமும் செருகி மூடினேன்.