கடந்த ஏழு நாட்களில்

ஜெபராணி மிஸ் அனுப்பிய படிவம்
போனில் திறக்கவே நாலு நிமிடம்.
கேள்வி ஒன்று:
கடந்த ஏழு நாட்களில்
மூச்சிரைக்கும்படி எத்தனை நிமிடம் உழைத்தீர்கள்?

மார்ச்சுக்கு முன் என்றால் சொல்லிவிடுவேன்.
மேலப்பாளையத்தில் கிளம்பிவிட்ட பஸ்ஸை
சந்தை முக்கு வரை துரத்தியது,
மூன்றாம் மாடிப் புள்ளியியல் வகுப்பு,
சாயங்காலம் மைதானத்தில் எட்டுச் சுற்று,
ஐந்தாவதிலேயே நழுவும் இசக்கியம்மாளைப்
பேர் சொல்லிக் கத்தியது.

இப்போது மொட்டைமாடி.
இருபத்தொன்பது அடி, அதற்குள்
தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, டிஷ்.
வேகம் பிடிப்பதற்குள் திரும்ப வேண்டும்.
முதல் நாளே ரகுமத் மாமி
கீழிருந்து ஒட்டடைக் கம்பால் இடித்தாள்:
"ஏளா, மேல யானையா கட்டி வச்சிருக்கீய?"
அப்புறம் சஹருக்கு முன்னால்,
செருப்பில்லாமல்,
நுனிவிரலில்.

மற்ற நேரமெல்லாம் உம்மாவுக்கு எதிரில்,
மடியில் சொளவு, காதில் ஆன்லைன் வகுப்பு.
கம்பெனி திறந்துவிட்டது, ஆயிரம் பீடி கணக்கு.
விரல்கள் ஓடின.
இடுப்புக்குக் கீழே மரத்தது,
உதறினேன், மறுபடி மரத்தது.
உட்கார்ந்திருந்த நேரம் என்ற கட்டத்தில்
பதினொன்று என்று போட்டேன்.
விரலுக்குக் கட்டம் இல்லை.

இசக்கியம்மாளுக்கு மானூர்ப் பக்கம்.
வீட்டில் டவர் கிடையாது.
காலை வகுப்புக்குப் பாறை ஏறுகிறாள்,
மத்தியானம் செமினாருக்கு இன்னொரு தடவை,
நடுவில் அம்மாவுக்குப் பதிலாக
நூறுநாள் வேலையில் குளத்து மண்.
"ஒனக்கென்னட்டி, மாடியில காத்து வாங்குத"
என்றாள், மூச்சு வாங்க.

எங்கள் இருவரையும் கூட்டி
இரண்டால் வகுத்தால்
தினம் தொண்ணூற்றாறு நிமிடம் நடக்கும்
ஒருத்தி வருகிறாள்.
புள்ளியியல் படிக்கிற எனக்கே
அவளைத் தெரியவில்லை.
பாறையிலும் பார்த்ததில்லை,
மாடியிலும்.

பிப்ரவரியில் மைதானம் திறந்தார்கள்.
ஓடுபாதையில் கொழுஞ்சி முழங்கால் உயரம்.
மூன்றாம் சுற்றில் நான் குனிந்து
முட்டியைப் பிடித்துக்கொண்டேன்.
இசக்கியம்மாள் தாண்டிப் போனாள்,
இன்னொரு முறையும் தாண்டிப் போனாள்,
கத்தவில்லை, அதுதான் கோபம்.

மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
"நீ பின்னால வந்தது எனக்குக் கேக்கவே இல்லியே.
உன் காலுக்கு என்ன ஆச்சு?"

பட்டப்பகல். வெட்டவெளி.
"கீழ மாமி தூங்குதாக, மிஸ்"
என்று வந்துவிட்டது வாயில்.