இருபத்தைந்து டிகிரி

மூணாறில் மைனஸ் ஒன்று என்றது ரேடியோ.
செண்டுவரை லயத்தில்
அதற்கெல்லாம் எண் கிடையாது.
முற்றத்து வாளித் தண்ணீர்
தானே மூடி போட்டுக்கொள்ளும்.
குழாய் ஒன்பது மணிக்குத்தான் வாய் திறக்கும்.

உடுமலையில் வாங்கிய தக்காளி விதைப் பாக்கெட்டில்
ஒருத்தி பழத்தைக் கன்னத்தில் ஒட்டிச் சிரிக்கிறாள்,
கையில்லாத ரவிக்கை.
அவளுக்கென்ன, அங்கே வெயில்.
பின்பக்கம் பொடி எழுத்தில்:
முளைக்க இருபத்தைந்து டிகிரி.

எங்கே போவேன் இருபத்தைந்துக்கு?
ஒரு ஞாயிறு முழுக்க
வீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.
அடுப்பு மேடை இரவு பத்துவரை.
பிரிட்ஜின் முதுகு விட்டு விட்டு.
டிவி பக்கத்து டிஷ் பெட்டி மட்டும்
அணைத்த பிறகும் கோபம் ஆறாமல் கிடந்தது.
அதன் தலையில் முட்டை அட்டையை வைத்தேன்.
முப்பது குழி.
சட்டியில் வறுத்து ஆற்றிய மண்.
குழிக்கு இரண்டு விதை.

"படம் பார்க்க வந்திருக்கா எல்லாம்?"
என்றான் மரியசூசை.

மிளகாய் சோம்பேறி. அதற்குப் பெட்டி போதாது.
ஈரத்துணியில் முடிந்து, பிளாஸ்டிக் சுற்றி,
ஸ்வெட்டருக்குள் இடுப்பில் செருகினேன்.
கொழுந்து எடுக்கப் போகும்போதும் கூடவே வந்தது.

கொழுந்து எங்கே இருந்தது?
நாலாம் நம்பர் மலை
தீய்ந்து நின்றது.
பனி சுட்டாலும் தீ சுட்ட கறுப்புதான்.
விரல் பட்டதும் இலை அப்பளமாய் நொறுங்க,
சூப்பர்வைசர் நோட்டை மூடினார்:
இனி வாரம் மூன்று நாள் வேலை.

ரோட்டில் எர்ணாகுளத்து வண்டிகள்.
கண்ணாடியை இறக்கி ஒரு பையன்,
"சேச்சி, நல்ல மஞ்ஞு எவிடெயா?"
தீய்ந்த மலையைக் கை காட்டினேன்.
ஓடினார்கள்.
வெள்ளைப் புல்லை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு
கூவினார்கள்.
திட்ட நினைத்தேன், வாய் வரவில்லை.
அழகாகத்தான் இருந்தது.

ஆறாம் இரவு, இரண்டு மணி இருக்கும்,
கரண்ட் போனது.
டிஷ் பெட்டியின் சிவப்புக் கண் மூடிக்கொண்டது.
இருட்டில் தொட்டேன்,
என் கைக்குக் கீழேயே ஆறிக்கொண்டிருந்தது.

மரியசூசையை உலுக்கினேன்.
"தள்ளிப் படு."
"யாருக்கு?"
"அறுபது பேருக்கு."

நடுவில் அட்டை.
அதைச் சுற்றிக் கவிழ்த்த ஸ்டூல்,
நாலு காலையும் மூடி ஒரே கம்பளி.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.
புரளக் கூடாது.
இருமுவதென்றால் சுவரைப் பார்த்து இரும வேண்டும்.
கல்யாணமான புதிதில்கூட
நாங்கள் இவ்வளவு மரியாதையாகப் படுத்ததில்லை.

"எட்டு மணி நேரம்
ட்ரையர் வாயில் நின்னு
இலையைக் காயவெச்சிட்டு வர்றேன்.
இங்க வந்தா இது."
முனகிக்கொண்டே
கம்பளிக்கு அடியில் கையை நீட்டி
அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.
பாக்டரிச் சூடு
அந்த உடம்பில் இன்னும் மிச்சம் இருந்தது.
நான் அந்தப் பக்கமாக
அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினேன்.
அவனுக்குத் தெரியாது.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்து
டிவி தானாகப் பேசியது.
மைனஸ் இரண்டாம்.
எழுந்து லைட்டைப் போட்டேன்.

ஓரத்துக் குழியில்
மண் மயிரளவு பிளந்து
வெளுத்த முதுகொன்று வளைந்திருந்தது.
தலை இன்னும் உள்ளே.
சட்டைக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி
எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல்.
தொடவில்லை.

மற்ற குழிகளில் ஒன்றுமில்லை.
மரியசூசை வாய் பிளந்து தூங்கினான்,
கை அட்டையை விடவில்லை.

இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன்.
மிளகாய் போட்டது போட்டபடி.
மோந்து பார்த்தேன், அழுகவில்லை.
துணியை நனைத்துத் திரும்ப முடிந்து
செருகிக்கொண்டேன்.

இன்று வேலை இல்லாத நாள்.
வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றலாம் என்றிருந்தேன்.
ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது.