கழித்த நாட்கள்

துலூத் நூலகத்தின் அடித்தளத்தில்
ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை.
வெளியே ஏரி இன்னும் முழுதாய் உருகவில்லை.
ஆறு மடக்கு மேசை, ஒரு காபிக் குடுவை,
தாளை மென்று துப்பும் அச்சு இயந்திரம்.
நான் தன்னார்வலர். கழுத்தட்டையில் லோர்னா.
முப்பது வருடம் தானியக் கிடங்கில் கணக்கெழுதியவள்.
இப்போது அயலாரின் டாலர்களைக் கூட்டிக் கழிக்கிறேன்,
இலவசமாக.

முதலில் வில்மர். பெருவிலிருந்து வந்த பையன்,
விடுதிச் சமையலறையில் பயிற்சி.
சம்பளச் சீட்டுகளை ஷூப் பெட்டியில் கொண்டுவந்தான்,
ஒவ்வொன்றிலும் வெங்காய வாசனை.
முதுமைக்கான சமூகப் பாதுகாப்பு வரி பிடித்திருக்கிறார்கள்.
"இந்த விசாவுக்கு அது கிடையாதே தம்பி" என்றேன்.
"நான் இங்கேயே கிழவனாவேன் என்று
முதலாளி நினைத்துவிட்டார் போல."
சிரித்தது நான் மட்டும்தான்.
முதலில் முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்;
அவர் கைவிரித்தால்தான் அரசாங்கத்திடம்.
ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.
கொண்டுபோய்க் கொடுப்பானா, தெரியாது.
யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று தீர்மானிப்பவரும்
அதே முதலாளி.

அடுத்து ஜார்ஜியாவிலிருந்து ஒரு குடும்பம்:
இயற்பியல் ஆய்வாளர் தொர்னிகே, மனைவி, மூன்று வயது மகள்,
தள்ளுவண்டியில் ஆறு வாரக் குழந்தை.
ஆளுக்கொரு படிவம் என்றதும்
மகளைக் காட்டி "இவளுக்குமா?" என்றார்.
இவளுக்கும்தான். வருமானம் சுழியம்.
பெயர், கடவுச்சீட்டு எண், வந்த தேதி.
கையெழுத்திடும் இடத்தில்
அவள் ஒரு நத்தை வரைந்துவிட்டாள்.
புதுத் தாள் எடுத்தேன். அப்பா கையெழுத்திட்டார்.
நத்தை என்னிடம் இருக்கிறது.
தள்ளுவண்டிக்காரருக்கு எதுவும் வேண்டாம்,
பிப்ரவரியில் இங்கே பிறந்தவர்.
என்னை விட்டால் அந்த மேசையில்
அவர் ஒருவர்தான் இந்நாட்டவர்,
வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஓனோன். மங்கோலியப் பெண்,
ஏரிப் பனிக்கட்டியின் கனம் அளப்பவள்.
படிவத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாய் இரண்டு கேள்விகள்:
சென்ற ஆண்டு இந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள்?
அவற்றில் எத்தனையைக் கழிக்கக் கோருகிறீர்கள்?
ஜூன் நாலாம் தேதி இரவு
பதினொன்று நாற்பதுக்கு விமானம் தரை தொட்டது.
"அந்த இருபது நிமிடம் ஒரு நாளா?"
ஒரு நாள்தான்.
"எங்களுக்கும் அப்படித்தான்," என்றாள்.
"விரிகுடாவில் ஒரு மணி நேரம் ஐஸ் நின்றாலும்
குறிப்பேட்டில் அது உறைந்த நாள்."

முதல் கட்டத்தில் 211.
இரண்டாவதிலும் 211.

பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"டிசம்பரில் ஐஸ் விட்டு, கால் உள்ளே போனதே,
அந்த நாளுமா?"
"அதுவும்."
"சரி."
திரும்பி வரவேண்டியது அறுபத்தொரு டாலர்.
காசோலை வரும்போது அவள் இருக்கமாட்டாள்.
என் வீட்டு முகவரியை எழுதச் சொன்னேன்.
விதிப்படி அப்படிச் சொல்லக் கூடாது.

இரவு, சமையலறையில், என் சொந்தப் படிவம்.
ஹாலிஸ் போனது அக்டோபரில்.
இறந்த ஆண்டுக்கு மட்டும்
இருவர் பெயரிலும் தாக்கல் செய்யலாம்,
அந்த ஒரு சலுகை உண்டு.
என் படிவம் நாட்களைக் கேட்பதில்லை.
இங்கேயே பிறந்து இங்கேயே நரைத்தவளிடம்
எத்தனை நாள் இருந்தாய் என்று யார் கேட்பார்கள்?
மின்கட்டண உறையின் பின்புறம்
சும்மா கூட்டிப் பார்த்தேன்,
சென்ற ஆண்டு நாங்கள் இருவரும்
இந்த வீட்டில் இருந்த நாட்களை.
மருத்துவமனை வாரங்களைச் சேர்ப்பதா,
ஓர் இரவு மட்டும் வீட்டுக்கு வந்து போனாரே,
அதை ஒரு நாள் என்பதா என்று
ஓனோனிடம் கேட்க வேண்டும்.