எட்டாம் நாள் வரை

ஒக்போமோஷோவில் மழை பிடித்துக்கொண்ட இரவு.
படிவத்தில் பெயர் என்ற இடம் காலி.
எங்கள் பக்கம் எட்டாம் நாள்தான் பெயர் வைப்பார்கள்.
இவனுக்கு நான்கு நாள்.

கறுத்த தோலில் மஞ்சள் ஒளிந்துகொள்ளும்.
மூக்கு நுனியை அழுத்தி விட்டேன்.
ரத்தம் திரும்பி வருவதற்குள் ஒரு கணம்
பாமாயில் விட்டு வறுத்த மரவள்ளி மாவின் நிறம்.

எத்தனை வாரம்?
முப்பத்தாறு.
பால்?
குடிக்கும்போதே தூங்கிவிடுகிறான்,
ரொம்பச் சாது, அழுவதேயில்லை என்றாள் மொரோலாயோ,
கொஞ்சம் பெருமையாக.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
உன் ரத்தம்?
ஓ வகை.
முதல் பிள்ளையா?

அவள் மழையைப் பார்த்தாள்.
போன வருஷம் ஒருவன். ஐந்து நாள்.
அவனுக்கும் பெயர் வைக்கவில்லை.

குழந்தையைக் கையில் வாங்கினேன்.
துணி மணத்தது.
அந்துருண்டை.

யாருடைய சட்டை இது?
அண்ணனுடையது.
பதினான்கு மாதம் பூட்டி வைத்திருந்தாளாம்
பெட்டியில், மூலைக்கு இரண்டு வெள்ளை உருண்டை போட்டு,
ஒரு பூச்சிகூடத் தொடக் கூடாதென்று.

சில பிள்ளைகளின் ரத்தம்
இந்த மணம் பட்டாலே உடைந்து கரையும்.
கரைந்த மஞ்சள் மூளைக்குள் ஏறும்.
அவளிடம் அதை எப்படிச் சொல்வது?
அப்போது சொல்லவில்லை.
சட்டையைக் கழற்றி
ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டேன்.

நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தோம்.
இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமியது, நின்றது, மறுபடி இருமியது.
பதினோரு நிமிடம்.
அத்தனை நேரமும் அவன் முதுகுக்கடியில் என் உள்ளங்கை,
வில்லாக வளைகிறதா என்று பார்த்தபடி.
விடிவதற்குள் டாக்டர் அகின்லாபி ரத்தத்தை மாற்றத் தொடங்கினார்,
ஐந்து மில்லி எடுத்து, ஐந்து மில்லி கொடுத்து.

மொரோலாயோ சட்டையைக் கேட்டாள்.
மழையில் போய்விட்டது என்றேன்.
என் வீட்டுக் கொடியில் இருக்கிறது.
எத்தனை தரம் அலசினாலும் மணக்கிறது.

எட்டாம் நாள் வார்டுக்கே வந்துவிட்டார்கள்.
அப்பன் கையில் தேன்.
நாக்கில் வைக்காதீர்கள் என்றேன்.
முறைத்தார். பிறகு நெற்றியில் தொட்டுவைத்தார்.
குனிந்து காதில் சொன்னார்:
துரோஜாயே.
போய்விடாதே, இருந்து வாழ் என்று அர்த்தம்.

காது கேட்கிறதா என்பது
மூன்றாம் மாதச் சோதனையில்தான் தெரியும்.
அதுவரை பொறுக்க முடியவில்லை.
எல்லோரும் போன பின்
எவர்சில்வர் தட்டு ஒன்று என் கையிலிருந்து நழுவியது,
நழுவவிட்டேன்.

இமைத்தான்
என்று நினைக்கிறேன்.