மேற்படி இருவரும் ஒருவரே

ஏழரை மணிக்கு வருகிற அந்தக் குடும்பத்துக்கு
எங்களிடம் ஏழரை வீடு என்று பேர்.
சனிபகவானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை,
எழுதுகிறவனைப் பிடித்திருந்தால் ஒழிய.

அறுபத்தோராம் நாள் காலையில்
மூத்த மகள் கல்லூரிக்குப் போனாள்.
சாயங்காலம் வேறொருத்தி வந்தாள்.
அரை அடி கூடுதல் உயரம்,
நாடியில் இருந்த மச்சம் இல்லை, குரலும் வேறு.
'வாம்மா, காப்பி குடி' என்கிறாள் தாய்.
அந்த வீட்டில் ஒருத்தரும் திடுக்கிடவில்லை.
நான்தான் பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பி மிஷினுக்கும் லொத்தர் தட்டுக்கும் இடையில்
என் மேசை.
பிறப்புப் பத்திரத்தில் சிவனு,
அடையாள அட்டையில் சிவானு,
சேமலாபப் புத்தகத்தில் சீவன்,
இப்படி மூன்றாய் வருகிற ஒரு மனுசனை
'மேற்படி பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும்' என்று
சத்தியக்கடதாசியில் அடித்துச் சேர்ப்பது என் பிழைப்பு.
ஒரு காலுக்கும் ஒரு கொம்புக்கும்
மூன்று நாள் பேர் போட்டுக்கொள்ளாமல் பஸ் ஏறி வருகிறார்கள்.
முத்திரை, சமாதான நீதவான், மறுபடி முத்திரை.
அங்கே முகமே மாறிவிட்டது.
காப்பி கொடுத்து உள்ளே விட்டுவிட்டார்கள்.

அன்று இரவே குறிக்கத் தொடங்கினேன்,
மகள் டிலானியின் கணக்குக் கொப்பியில், கடைசித் தாளிலிருந்து.

அப்பா வங்கி முகாமையாளர்.
எண்பதாம் நாள் பல்வைத்தியர்.
செத்த மாமா தீபாவளிக்கு வந்து வடை தின்கிறார்.
கூடத்துக் கடிகாரத்தில் எப்போதும் பத்து பத்து,
காலை இட்லிக்கும், இரவுச் சண்டைக்கும்.
தம்ளரில் காப்பி பாதி;
கமரா அத்தையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் முழுசு.
கொழுந்துக் கூடை அப்படி நிறையுமென்றால்
அரைப் பேர் போட எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் வழியிருக்காது.
வெளியிலிருந்து பார்த்தால் தட்டை வீடு.
உள்ளே மட்டும் படிக்கட்டு ஏறிக்கொண்டே போகிறது.
பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவிலிருந்து
இதையெல்லாம் தெளிவாய்ப் பார்க்கலாம்.

சில ஓட்டை எங்களுடையது.
காற்று டிஷ்ஷை அசைக்கும், கரண்ட் போகும்,
வந்து பார்த்தால்
அத்தை முழுகாமல் இருப்பதே தெரியாத எங்களுக்கு
பிள்ளைக்கு மொட்டை போடுவதைக் காட்டுவார்கள்.
ஆகவே நீலப்பேனை அவர்கள் பிழைக்கு,
சிவப்பு மழையின் பிழைக்கு.
'இதுக்கு யாராவது சம்பளம் தாராங்களா?' என்று கேட்பான் யோகராஜ்.

இரண்டாவது பையன், கண்ணாடிக்காரன்,
நாற்பத்திரண்டாம் நாள்
'பட்டம் எடுத்துட்டு வாறேன்' என்று மாடி ஏறினான்.
இன்று முந்நூற்றுப் பதினேழு.
சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரையைக் குறைத்துவிட்டார்கள்.
'எனக்கு ரெண்டே பிள்ளைங்க' என்றாள் தாய், போன வாரம்.
சிரிப்புச் சத்தம் வந்தது,
எங்கிருந்தென்று தெரியாத அந்த ஆட்களின் சிரிப்பு.
'மேல அவன் என்னத்தம்மா சாப்பிடுவான்?' என்றாள் டிலானி.

செவ்வாய்க்கிழமை, மேல்பிரட்டிலிருந்து ஒருத்தி வந்தாள்.
கிராம சேவகர் படிவம்.
பிள்ளைகள் எத்தனை என்றேன்.
மூணு என்றாள்.
லொத்தர்க்காரனின் தட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
'ரெண்டுன்னு போடுங்க.
பெரியவன் கொழும்புக்கு, கடைக்கு.
ஆறு வருசமாச்சு.'
இரண்டு என்று அடித்தேன்.
கீழே ஒரு வரி வெறுமையாய் விட்டேன்.
அவள் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு
இடம் வீணாகப் போகிறதே என்றாள்.

அன்று இரவு கொப்பியைத் திறந்து
எந்தப் பேனை என்று யோசித்து மூடிவிட்டேன்.

ஏழே முக்காலுக்குப் படம் சதுரம் சதுரமாய் உடைந்தது.
தாயின் வாய் திறந்தபடி நின்றது, சத்தமில்லை.
தகரத்தில் மழை.
டிலானி விரலை மேலே நீட்டினாள்:
'மாடியில யாரோ நடக்கிறாங்க.'
எங்களுக்கு ஏது மாடி.
காலடி ஓரத்துக்கு வந்தது, நின்றது, திரும்பிப் போனது.
யோகராஜ்தான். டிஷ்ஷைத் திருப்புகிறான்.

'வந்துருச்சா?' என்று கத்துகிறான்.

இல்லை, இன்னும் இல்லை.